கட்டுரையே இல்லையா, கதவுதான் திறக்கவில்லையா? பல்கலைக்கழக நூலகர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நூலகர்களுக்கு,

வணக்கம்.

ஆய்விதழ்க் கட்டுரைகளைத் தேடி உங்கள் இணையதளங்களில் நாள் முழுக்கக் கிடக்கும் கூட்டத்தில் நானும் ஒருத்தி. ஆய்வு மாணவி. புதிதாகச் சேருகிறவர்களுக்குக் கட்டுரை தேடக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பும் எப்படியோ என் தலையில் வந்து விழுந்துவிட்டது. ஏதோ ஒரு நூலகத்தை மனத்தில் வைத்து இதை எழுதவில்லை. வெவ்வேறு பல்கலைக்கழகங்களில் படிக்கும் நண்பர்களிடம் பேசும்போதெல்லாம் இதே புலம்பலைத்தான் கேட்கிறேன். அதனால் மடலும் உங்கள் எல்லோருக்குமாக.

சொல்ல வந்தது ஒன்றுதான். தேடிய கட்டுரை கைக்கு வராமல் போவதற்கு நாலைந்து காரணங்கள் உண்டு. அப்படியொரு கட்டுரையை யாருமே எழுதியிருக்க மாட்டார்கள். எழுதியிருப்பார்கள், அந்த இதழுக்கு நீங்கள் சந்தா கட்டியிருக்க மாட்டீர்கள். கட்டியிருப்பீர்கள், மாணவர் லாகின் செய்திருக்க மாட்டார். லாகினும் செய்திருப்பார், நடுவில் எங்கோ லிங்க் அறுந்திருக்கும். உங்களுக்கு இவை ஒவ்வொன்றும் தனித்தனிச் சிக்கல், தீர்த்துவைக்கும் ஆளும் வேறு வேறு. திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கோ எல்லாம் ஒன்றுதான்: கிடைக்கவில்லை. உடனே ஒருவர் ஆய்வுத் தலைப்பையே மாற்றிக்கொள்கிறார். இன்னொருவர் கட்டுரையைப் படிக்காமல் அதன் சுருக்கத்தை மட்டும் வைத்து ஒப்பேற்றுகிறார். எந்தக் காரணத்தால் கிடைக்கவில்லை என்பதைத் திரையே சொல்லட்டும், அடுத்து என்ன செய்யலாம் என்பதும் அந்தத் திரையிலேயே இருக்கட்டும். இதுதான் என் கோரிக்கை. மற்றதெல்லாம் இதற்கான விளக்கம்.

முதலில், எங்கள் பிள்ளைகள் அதிகம் முட்டிக்கொள்ளும் இடம். அது உங்கள் இணையதளத்திலேயே இல்லை, பதிப்பகத்தின் பக்கத்தில் இருக்கிறது. வீட்டிலோ விடுதியிலோ இருந்தபடி கட்டுரைத் தலைப்பை கூகுளில் போடுகிறார்கள். பதிப்பகத்தின் பக்கம் வருகிறது. தலைப்பு, ஆசிரியர்கள், சுருக்கம் வரைக்கும் எல்லாம் சரி. அதற்குக் கீழே ஒரு பெட்டி: இந்தக் கட்டுரையை வாங்க இவ்வளவு பணம். அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில், கண்ணுக்குச் சட்டென்று படாத எழுத்தில், 'உங்கள் நிறுவனம் வழியாக உள்ளே வரலாம்' என்று ஒரு வரி. பெரும்பாலானோர் பணத்தைப் பார்த்ததுமே பக்கத்தை மூடிவிடுகிறார்கள். இதே பக்கத்தை வளாகத்துக்குள் திறந்தால் அந்தப் பெட்டியே இருக்காது, பிடிஎஃப் நேரடியாக வரும். வளாகத்தின் ஐபி முகவரிகளை (இணையத்தில் வளாகத்துக் கணினிகளை அடையாளம் காட்டும் எண்களை) நீங்கள் பதிப்பகத்துக்குக் கொடுத்து வைத்திருக்கிறீர்கள், அவர்களுடைய சர்வர் அதைப் பார்த்து ஆளை உள்ளே விடுகிறது, அவ்வளவுதான் விஷயம். ஆனால் மாணவருக்கு இது தெரியாது. நூலகத்தில் உட்கார்ந்தால் 'இலவசமாக' வருகிறது, வீட்டில் வருவதில்லை என்று அதை ஏதோ ராசி மாதிரி நம்பிக்கொண்டிருக்கிறார். அந்த இலவசத்துக்கு நீங்கள் ஆண்டுதோறும் பணம் கட்டுகிறீர்கள் என்பதே பலருக்குத் தெரியாது.

வெளியிலிருந்து வருபவர்களுக்காக நீங்கள் பிராக்ஸி வைத்திருக்கிறீர்கள், அதாவது லாகின் செய்தவரை வளாகத்துக்குள் இருப்பவர் போலப் பதிப்பகத்துக்குக் காட்டும் இடை சர்வர். பல நூலகங்களில் அது ஈஸிபிராக்ஸி. 1999-ல் கிறிஸ் ஜகார் என்ற நூலகர் எழுதிய மென்பொருள். 2008-ல் நூலகங்களின் கூட்டமைப்பான ஓசிஎல்சி அதை வாங்கியது. நூலகர் ஒருவர் தன் வாசகர்களின் அவஸ்தையைப் பார்த்துச் செய்த வேலை என்பதால் எனக்கு அதன்மேல் தனி மரியாதை உண்டு. ஆனால் அது வேலை செய்யும் விதத்தை யாராவது ஒருமுறை மாணவர்களுக்குச் சொல்ல வேண்டாமா? பிராக்ஸி வழியாகப் போனால் பதிப்பகத்தின் முகவரியில் உள்ள புள்ளிகள் சிறு கோடுகளாக மாறி, அதன் வாலில் நூலகத்தின் பெயர் ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டியிருந்தால் நீங்கள் உள்ளே இருக்கிறீர்கள், இல்லையென்றால் வெளியே நிற்கிறீர்கள். முகவரிப் பட்டையில் அந்த வால் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னதும் என்னிடம் வரும் சந்தேகங்களில் கணிசமானவை அங்கேயே தீர்ந்துவிடுகின்றன. இன்னொரு குழப்பமும் அதோடு தீரும்: அந்த நீண்ட முகவரியை வேறு பல்கலைக்கழக நண்பருக்கு அனுப்பினால் அவருக்கு ஏன் திறக்கவில்லை என்பது.

'உங்கள் நிறுவனம் வழியாக' என்ற வரியைத் தேடிப்பிடித்து அழுத்துகிறவருக்கும் சோதனை முடிவதில்லை. அடுத்து நிறுவனங்களின் பட்டியல் ஒன்று வரும். பல்கலைக்கழகத்தை எல்லோரும் கூப்பிடும் சுருக்கப் பெயரைத் தட்டினால் அதில் ஒன்றும் வராது. ஒப்பந்தத்தில் எழுதிய முழுப் பெயரையோ, பெயர் மாறுவதற்கு முன் இருந்த பழைய பெயரையோ தட்ட வேண்டியிருக்கும். இந்தப் பட்டியலில் நாம் எந்தப் பெயரில் இருக்கிறோம் என்று உங்கள் முகப்புப் பக்கத்தில் ஒரு வரி போட்டால் போதும். ஒரு பைசா செலவில்லை.

செலவில்லாத வேறு சிலவும் உண்டு. கட்டுரையின் நிரந்தர அடையாளமான டிஓஐ எண்ணை ஒட்டினால் நேராக நம்முடைய பிரதிக்குக் கொண்டுபோகும் ஒரு சின்னப் பெட்டி. அந்த எண்களைப் பதிவுசெய்யும் கிராஸ்ரெஃப் அமைப்பு 2000-ல் தொடங்கியதிலிருந்து அநேகமாக எல்லாப் பெரிய பதிப்பகங்களின் கட்டுரைகளுக்கும் 10 என்று ஆரம்பிக்கும் அந்த எண் இருக்கிறது. மாணவர்கள் அதை மேற்கோள் பட்டியலில் அலங்காரத்துக்குப் போடுவதாகவே நினைக்கிறார்கள். அப்புறம், பதிப்பகப் பக்கத்தில் நின்றபடி ஒரே சொடுக்கில் பிராக்ஸிக்குள் தாவ வைக்கும் புக்மார்க். பதிப்பகப் பக்கத்திலிருந்தே நூலகப் பிரதிக்கு வழிகாட்டும் லிப்கீ நோமாட், லீன் லைப்ரரி போன்ற உலாவி நீட்சிகளுக்கு நீங்கள் ஏற்கெனவே சந்தா கட்டியிருக்கலாம். கட்டியிருந்தால் அதை 'மின்வளங்கள்' என்ற தலைப்புக்குள் நாலாவது அடுக்கில் ஒளித்து வைக்காதீர்கள். கூகுள் ஸ்காலரின் அமைப்புகளுக்குள் 'நூலக இணைப்புகள்' என்று ஒன்று இருக்கிறது. அங்கே நம் நூலகத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால் வீட்டிலிருந்து தேடினாலும் முடிவுகளுக்கு வலப்பக்கம் நம்முடைய லிங்க் வந்து நிற்கும். 2004-லிருந்து மாணவர்கள் அங்கேதான் தேடுகிறார்கள். அங்கே தேடாதே என்று சொல்லிப் பயனில்லை, அங்கிருந்து உங்களிடம் வரும் வழியைக் காட்டுங்கள்.

இனி உங்கள் சொந்தத் தேடுபெட்டி. பிரைமோ, சம்மன், எப்ஸ்கோ டிஸ்கவரி என்று எந்த மென்பொருளாக இருந்தாலும் முகப்பில் பெரிதாக எழுதியிருப்பது ஏறக்குறைய ஒன்றுதான்: எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தேடுங்கள். அந்த 'எல்லாவற்றையும்' என்பதை எங்கள் பிள்ளைகள் அப்படியே நம்பிவிடுகிறார்கள். உண்மையில் அந்தப் பெட்டி பல நூலகங்களில் நம்மிடம் முழு உரை இருப்பவற்றை மட்டுமே காட்டும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. பக்கத்தில், இடது ஓரத்திலோ மேலேயோ, 'நூலகத் தொகுப்புக்கு வெளியேயும் தேடு' என்ற பொருளில் ஒரு சிறு கட்டம் இருக்கும். அதில் டிக் இருக்காது. டிக் போட்டால் முடிவுகள் மளமளவென்று கூடும்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், இதன் விளைவு மற்ற எல்லாவற்றையும்விட மோசமானது. பணம் கேட்கும் பக்கத்தில் முட்டிக்கொள்கிற மாணவருக்குக் குறைந்தபட்சம் கட்டுரை ஒன்று இருக்கிறது என்றாவது தெரியும். இங்கே அதுவும் தெரியாது. நம் நூலகம் வாங்காத இதழ்களில் வந்தவை எல்லாம் உலகத்திலேயே இல்லாதவையாக ஆகிவிடுகின்றன. "இந்தத் தலைப்பில் இதுவரை ஆய்வுகள் ஏதும் நடக்கவில்லை" என்று ஆய்வேட்டின் முதல் இயலில் தைரியமாக எழுதுகிறார்கள். வாய்மொழித் தேர்வுக்கு வரும் வெளித் தேர்வாளர் அந்த ஆய்வுகளில் ஒன்றை எழுதியவராக இருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முழு உரை இருப்பவற்றை முதலில் காட்டும் உங்கள் முடிவில் தவறில்லை. இளங்கலை மாணவருக்கு அது வசதிதான். ஆனால் முடிவுகளின் உச்சியில், 'இவை நம்மிடம் உள்ளவை மட்டும், இன்னும் பல வெளியே இருக்கின்றன' என்று ஒரு வரி வேண்டும். தேடலுக்கு எதுவுமே அகப்படாதபோது அந்த வரி இன்னும் பெரிதாக வேண்டும்.

டிக் போட்டாலும் அது 'எல்லாமும்' ஆகிவிடாது என்பது வேறு கதை. சில தரவுத்தளங்களின் பதிவுகள் தேடுபெட்டி பார்க்கும் அந்தப் பொதுப் பட்டியலுக்குள் வருவதே இல்லை. துறைக்கென்று இருக்கும் தரவுத்தளங்களில் மனிதர்கள் உட்கார்ந்து வகுத்த பொருள் தலைப்புகள் இருக்கின்றன. அவற்றின் அருமை பெரிய பெட்டியில் தெரிவதில்லை. மருத்துவக் கட்டுரைகளுக்கான பப்மெட்டில் 'ஹார்ட் அட்டாக்' என்று தட்டினால் அது தானாகவே 'மயோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன்' என்ற, மெஷ் எனும் மருத்துவப் பொருள் தலைப்புப் பட்டியலில் உள்ள தலைப்பையும் சேர்த்துத் தேடிவிடும். புற்றுநோய்க்கு அங்கே தலைப்பு 'நியோப்ளாசம்ஸ்'. கல்வியியலுக்கு எரிக், உளவியலுக்கு சைக்இன்ஃபோ என்று ஒவ்வொரு துறைக்கும் இப்படி ஒன்று உண்டு. பொதுப் பெட்டியில் கட்டுரைகளின் உடலுக்குள் எங்கேயோ அந்தச் சொல் வந்தாலும் இழுத்துக்கொண்டு வரும் என்பதால் முடிவுகள் லட்சக்கணக்கில் குவியும். மாணவர் மூன்றாம் பக்கத்தோடு நிறுத்திவிடுவார்.

குவிந்ததைக் குறைக்க அவர் அடுத்து அழுத்துவது 'பியர் ரிவ்யூடு' (சக ஆய்வாளர்கள் மதிப்பாய்வு செய்தது) என்ற வடிகட்டி. இதைப் பற்றியும் ஒரு விளக்கம் அந்த இடத்திலேயே தேவை. அந்த வடிகட்டி பார்ப்பது இதழை. ஒவ்வொரு கட்டுரையையும் அது பார்ப்பதில்லை. மதிப்பாய்வு உள்ள இதழில் வந்த தலையங்கமும் ஒன்றரைப் பக்க நூல் விமர்சனமும்கூட அதில் தாராளமாகத் தேறிவிடும். நூல் விமர்சனத்தை ஆய்வு முடிவாக மேற்கோள் காட்டிய ஏடுகளை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மாணவரைக் குறை சொல்ல மாட்டேன். நூலகத்தின் வடிகட்டியே சான்றிதழ் கொடுத்துவிட்டது என்றுதானே அவர் நினைப்பார்?

சரி, பொருத்தமான கட்டுரை கண்ணில் பட்டுவிட்டது. 'முழு உரையைப் பார்' என்ற பொத்தானை அழுத்துகிறார். இனிமேல் நடப்பது உங்களுக்கு அத்துப்படி, இருந்தாலும் எங்கள் பக்கத்திலிருந்து எப்படித் தெரிகிறது என்று சொல்கிறேன். இடையில் ஒரு பக்கம் வருகிறது. அதில் இரண்டு மூன்று பெயர்கள். ஒன்றுக்கு எதிரே '1997 முதல், அண்மைய 12 மாதங்கள் நீங்கலாக'. இன்னொன்றுக்கு எதிரே 'தொகுதி 1 முதல் தொகுதி 38 வரை'. மூன்றாவதற்கு எதிரே வெறுமனே ஆண்டு. நம் கட்டுரை சென்ற ஆண்டு இறுதியில் வந்தது. எதை அழுத்துவது? முதலில் இருப்பதைத்தான் அழுத்துவார். அது அந்த இதழின் முகப்புக்குக் கொண்டுபோய் விடும், கட்டுரைக்கு அல்ல. அங்கே இதழ்களின் வரிசையில் சென்ற ஆண்டே இருக்காது. முடிந்தது.

ஜேஸ்டோர் இதற்கு நல்ல உதாரணம். 1995-ல், பழைய இதழ்களின் அடுக்குகள் நூலகங்களின் இடத்தை விழுங்கிக்கொண்டிருந்த காலத்தில், அவற்றை மின்வடிவில் பாதுகாக்கப் பிறந்தது. பல இதழ்களுக்கு அங்கே 'நகரும் சுவர்' உண்டு, அதாவது கடைசிச் சில ஆண்டுகளின் இதழ்கள் அங்கே இருக்காது, பெரும்பாலும் 3 முதல் 5 ஆண்டுகள். அண்மைய இதழ்கள் பதிப்பகத்தின் தளத்தில் இருக்கும், அதற்கும் நீங்கள் தனியாகப் பணம் கட்டியிருப்பீர்கள். வரலாறு படிக்கும் பிள்ளைகள் ஜேஸ்டோரில் புதியது இல்லை என்று பார்த்ததும் நூலகத்திலேயே இல்லை என்று திரும்பிவிடுகிறார்கள். அந்த இடைப்பக்கம் கட்டுரையின் ஆண்டைத் தானே பார்த்து, பொருந்தாத வரிகளை மறைத்து, பொருந்துகிற ஒன்றை மட்டும் காட்டக் கூடாதா? பல மென்பொருள்களில் இதற்கு வசதி இருக்கிறது. யாராவது உட்கார்ந்து அமைக்க வேண்டும், அவ்வளவுதான்.

லிங்க் அறுவதற்கான காரணமும் கொஞ்சம் தெரிந்துகொண்டேன். 1990-களின் பின்பாதியில் பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக நூலகத்தில் ஹெர்பர்ட் வான் டே சோம்பெல் செய்த வேலையிலிருந்து வளர்ந்தது ஓப்பன்யூஆர்எல். இதழின் அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என், தொகுதி, இதழ் எண், தொடக்கப் பக்கம் எல்லாவற்றையும் ஒரு முகவரிக்குள் அடைத்து அனுப்பும். மறுமுனையில் நூலகத்தின் இருப்புப் பட்டியலோடு அதை ஒப்பிட்டு வழி சொல்வார்கள். நல்ல யோசனை. ஆனால் அடைத்து அனுப்பும் தகவலில் ஒன்று பிசகினாலும் போச்சு. 3, 4 என்று இரண்டு இதழ்களைச் சேர்த்து ஒன்றாக வெளியிட்டிருந்தால் தடுமாறும். இப்போது பல மின்னிதழ்களில் பக்க எண்ணே கிடையாது, கட்டுரை எண்தான். அங்கேயும் தடுமாறும். இது உங்கள் குற்றம் இல்லை, பதிப்பகமும் மென்பொருள் நிறுவனமும் ஒருவரை ஒருவர் கைகாட்டிக்கொள்கிறார்கள் என்பதும் தெரியும். ஆனால் அறுந்த லிங்க் எது என்று உங்களுக்குத் தெரிந்தால்தானே நீங்கள் யாரையாவது கேட்க முடியும்? பிழை காட்டும் பக்கத்திலேயே 'இது வேலை செய்யவில்லை' என்று ஒரு பொத்தான் வையுங்கள். அந்த நீளமான முகவரி தானாகவே உங்களுக்கு வந்து சேரட்டும். பெயர், துறை, சேர்க்கை எண், பிரச்சினையை விவரிக்க என்று பத்துக் கட்டம் நிரப்பச் சொன்னால் யாரும் நிரப்ப மாட்டார்கள். புகாரே வரவில்லை என்பதால் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது என்ற முடிவுக்கும் தயவுசெய்து வராதீர்கள்.

எந்த நூலகத்தாலும் எல்லா இதழையும் வாங்க முடியாது. அதை எந்த மாணவரும் புரிந்துகொள்வார். அப்படி நிஜமாகவே நம்மிடம் இல்லாதபோதுதான் நீங்கள் வைத்திருக்கும் மிகச் சிறந்த சேவை கைகொடுக்க வேண்டும்: வேறு நூலகத்திலிருந்து கட்டுரையை வரவழைத்துத் தருவது. இதைப் போல ஒளித்து வைக்கப்பட்ட சேவை வேறொன்று இல்லை. அது புத்தகத்துக்கு மட்டும்தான் என்று பாதிப் பேர் நினைக்கிறார்கள். பேராசிரியர்களுக்கு மட்டும் என்று மீதிப் பேர்.

இந்தச் சேவை எவ்வளவு தூரம் வளர முடியும் என்பதற்கு ஒரு வெள்ளம் சாட்சி. 1997 ஜூலை 28 அன்று அமெரிக்காவின் ஃபோர்ட் காலின்ஸ் நகரில் பேய்மழை. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் மார்கன் நூலக அடித்தளத்துக்குள் தண்ணீர் புகுந்தது. அங்கே இருந்த லட்சக்கணக்கான நூல்களும் கட்டு கட்டாக இதழ்களும் மூழ்கின. சில வாரங்களில் வகுப்புகள் தொடங்க வேண்டும், படிக்க இதழ் இல்லை. அந்த நெருக்கடியில் அங்கிருந்த நூலகப் பணியாளர்கள் மற்ற நூலகங்களிடமிருந்து கட்டுரைப் பிரதிகளை வேகமாக வாங்குவதற்கு ஒரு முறையை உருவாக்கினார்கள். எந்த நூலகத்திடம் எந்த ஆண்டின் எந்த இதழ் இருக்கிறது என்பதைக் கணினியே பார்த்து, கோரிக்கையை அங்கே தானாகத் திருப்பிவிடும். ஒவ்வொரு கோரிக்கையையும் ஒருவர் உட்கார்ந்து ஆராய வேண்டியதில்லை. அதுதான் ரேபிட்ஐஎல்எல். வெள்ளம் வடிந்த பிறகும் அது நிற்கவில்லை. மற்ற நூலகங்களும் சேர்ந்துகொண்டன. இன்று பல நாடுகளில் ஓடுகிறது. தன் அலமாரிகள் காலியான ஒரு நூலகம் தன் மாணவரிடம் 'இல்லை' என்று சொல்லி நிறுத்திக்கொள்ளவில்லை.

எனவே கேட்பது இது. 'முழு உரை நம்மிடம் இல்லை' என்று எழுதியிருக்கும் அதே இடத்தில் 'வரவழைத்துத் தரவா?' என்ற பொத்தான் வேண்டும். அழுத்தினால் படிவத்தில் இதழ் பெயரும் ஆண்டும் பக்கமும் ஏற்கெனவே நிரம்பியிருக்க வேண்டும். ஓப்பன்யூஆர்எல் சுமந்து வரும் தகவல் அதற்குப் போதும், பல நூலகங்கள் அப்படித்தான் செய்கின்றன. எத்தனை நாளில் வரும், கட்டணம் உண்டா, வந்த பிடிஎஃப்பைத் திருப்பித் தர வேண்டியதில்லை ஆகிய மூன்றையும் அங்கேயே எழுதுங்கள். ஒரு வாரம் ஆகும் என்றால் ஒரு வாரம் என்றே எழுதுங்கள், பரவாயில்லை. இத்தனை நாள் என்று தெரிந்தால் காத்திருப்பார்கள்.

இதையெல்லாம் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பது ரகசியமில்லை. கட்டணக் கட்டுரைகளை அனுமதியில்லாமல் இலவசமாகத் தரும், 2011-ல் தொடங்கிய சை-ஹப் தளத்தைப் பற்றி 2016 ஏப்ரலில் 'சயின்ஸ்' இதழில் ஜான் பொஹானன் எழுதியதை நீங்களும் படித்திருப்பீர்கள். 6 மாதத்தில் 2 கோடியே 80 லட்சம் பதிவிறக்கக் கோரிக்கைகள். அவை வசதியற்ற நாடுகளிலிருந்து மட்டும் வரவில்லை. சந்தாவுக்குக் கோடிகளைக் கொட்டும் பெரிய பல்கலைக்கழகங்கள் இருக்கும் ஊர்களிலிருந்தும் வந்தன. அங்கேயிருந்தவர்களில் பலருக்குக் கட்டுரை சட்டப்படியே கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருக்கும். ஆறு சொடுக்கும் இரண்டு லாகினும் ஒரு பக்கம், ஒரே சொடுக்கு மறுபக்கம் என்றால் ஆய்வேட்டுக் கெடு நெருங்கியவர் எந்தப் பக்கம் போவார்? பதிப்புரிமையைப் பற்றி அறிவுரை சொல்லும் சுவரொட்டிகளை ஒட்டுவதற்கு முன்னால் அந்த ஆறு சொடுக்கை இரண்டாக்கிப் பாருங்கள்.

திருட்டு வழியில் வேறொரு ஆபத்தும் இருக்கிறது, அதைப் பற்றித்தான் நான் மாணவர்களிடம் பேசுகிறேன். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்டு 1998-ல் 'லான்செட்' வெளியிட்ட கட்டுரையை அந்த இதழே 2010 பிப்ரவரியில் திரும்பப் பெற்றது. பதிப்பகத்தின் பக்கத்தில் அது பெரிதாகத் தெரியும். யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பழைய பிடிஎஃப்பில் தெரியாது. திரும்பப் பெற்ற கட்டுரைகளைத் தொகுத்து வந்த ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்தை 2023-ல் கிராஸ்ரெஃப் வாங்கி எல்லோருக்கும் திறந்துவிட்டது. அந்த எச்சரிக்கையை உங்கள் தேடல் முடிவிலேயே காட்ட முடியும். நூலகம் வழியாக வருவதில் இப்படியொரு லாபம் இருக்கிறது என்று தெரிந்தால் மாணவர்கள் வருவார்கள்.

சட்டப்படியான இலவச வழிகளையும் முட்டுச்சந்துப் பக்கத்திலேயே சேர்த்துவிடலாம். அன்பேவால் என்ற உலாவி நீட்சி பதிப்பகப் பக்கத்தின் ஓரத்தில் பச்சைப் பூட்டைக் காட்டினால் சட்டப்படி இலவசமாகப் படிக்கக்கூடிய பிரதி எங்கோ இருக்கிறது என்று பொருள். கூகுள் ஸ்காலரில் பல முடிவுகளின் கீழே 'எல்லா வடிவங்களும்' என்ற லிங்க் இருக்கிறது, அதைத் திறந்தாலும் பல நேரம் அகப்படும். இயற்பியல்காரர்களுக்கு 1991-லிருந்து, கட்டுரைகளை இலவசமாகப் பகிரும் ஆர்க்கைவ் தளம் இருப்பதால் இந்த மடலின் பாதி அவர்களுக்குப் புரியவே புரியாது, கொடுத்து வைத்தவர்கள். மொழியும் வரலாறும் சமூகவியலும் படிப்பவர்கள்தான் உங்களை நம்பி இருக்கிறோம்.

பணம் இல்லாமல் சந்தாவை நிறுத்த நேர்ந்தால் அதையும் சொல்லுங்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கும் எல்சவியர் பதிப்பகத்துக்கும் 2019 பிப்ரவரியில் பேச்சு முறிந்தது. 2021 மார்ச்சில்தான் புதிய ஒப்பந்தம் வந்தது. இடைப்பட்ட காலத்தில் அதன் நூலகங்கள் எது போயிற்று, பழைய ஆண்டுகளில் எது இன்னும் திறக்கும், போனதை வேறு எப்படிப் பெறலாம் என்று பக்கம் பக்கமாக விளக்கி வைத்தன. எங்களில் பலருக்கோ சந்தா நின்றுபோன செய்தி பாதி ஆய்வில் பிடிஎஃப் திறக்க மறுக்கும்போதுதான் தெரிகிறது.

பயிற்சி வகுப்பைப் பற்றி ஒன்றே ஒன்று. முதல் வாரத்தில் கட்டடத்தைச் சுற்றிக்காட்டி, ஐம்பது தரவுத்தளங்களின் பெயரை ஒரே மூச்சில் வாசிக்கும் அந்த ஒரு மணி நேரம் யாருக்கும் பயன்படவில்லை. தலைப்பு முடிவானதும் கூப்பிடுங்கள். ஒரு நல்ல கட்டுரையை எடுத்துக்கொண்டு, அதன் மேற்கோள் பட்டியல் வழியாகப் பின்னோக்கியும், அதை மேற்கோள் காட்டியவர்கள் வழியாக முன்னோக்கியும் போகக் கற்றுக்கொடுங்கள். 1964-ல் யூஜின் கார்ஃபீல்டு, எந்தக் கட்டுரையை யார் மேற்கோள் காட்டினார்கள் என்று சொல்லும் மேற்கோள் குறியீட்டைத் தடித்தடியான தொகுதிகளாக அச்சிட்டுச் செய்ததை இப்போது ஒரு சொடுக்கில் செய்யலாம். இதைத் தெரிந்துகொண்ட மாணவர் தேடுபெட்டியில் சரியான சொல் தெரியாமல் தவிப்பதில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்த இடறல்களில் பெரும்பாலானவை உங்கள் கண்ணில் படாததற்குக் காரணம் எனக்குப் புரிகிறது. நீங்கள் சோதிப்பது அலுவலகக் கணினியில். வளாகத்து ஐபி என்பதால் அங்கே எல்லாக் கதவும் தானாகத் திறந்துவிடுகிறது. அடுத்த கல்வியாண்டுக்கு முன் ஒரு நாள், வீட்டிலிருந்து, உங்கள் செல்பேசியின் டேட்டாவில், பணியாளர் கணக்கை விட்டுவிட்டு ஒரு சாதாரண மாணவர் கணக்கில் நுழைந்து, யாராவது ஒரு மாணவரின் மேற்கோள் பட்டியலிலிருந்து சில கட்டுரைகளை எடுக்க முயன்று பாருங்கள். வாங்கியது ஒன்று, வாங்காதது ஒன்று, அண்மையில் வந்தது ஒன்று, பக்க எண் இல்லாதது ஒன்று என்று கலந்து எடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்ள ஆள் வேண்டுமென்றால் நானும் என் நண்பர்களும் வரத் தயார். நாள் மட்டும் சொல்லுங்கள், தேர்வு நேரமாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆய்வு மாணவி